பூட்டாணியின் பொறுப்பு: கிள்ளான் பள்ளத்தாக்கின் மடிப்புக் கூரைகள் குறித்து

1. கேள்வி

செராஸ் தாமான் கொன்னாட்டில் புதன்கிழமைதோறும் கூடும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை சுமார் 2 கிலோமீட்டர் நீளமுடையது. மாலையில் லோரிகளும் வேன்களும் வந்து நிற்கின்றன. இருட்டுவதற்குள் சாலை முழுக்கக் கூரை எழுந்துவிடுகிறது. நள்ளிரவு தாண்டினால் அங்கே வெறும் தார்ச்சாலைதான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும், நோன்பு மாதத்தில் அநேகமாக எல்லா வட்டாரங்களிலும் இதுவே நடக்கிறது. ஒரு வீட்டில் கல்யாணம் என்றாலும் துக்கம் என்றாலும் வாசலுக்கு முன்னே சாலையில் கேனோப்பி நிற்கிறது. இந்த நகர்ப்புறத்தின் கூட்டு வாழ்க்கையில் பெரும்பங்கு, காலையில் இல்லாத கூரைகளின் கீழ்தான் நடந்தேறுகிறது.

கோலாலம்பூரின் கட்டடங்களைப் பற்றிய எழுத்தில் இவற்றுக்கு இடம் கிடைத்ததில்லை. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தையும் 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118ஐயும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. மறுபுறம், மடித்து விரிக்கும் கட்டமைப்புகளைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்களில் 60 ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. விண்கலங்களின் அலைவாங்கிகள், நகரும் அரங்குகள், திறந்து மூடும் கூரைகள் என்று அதன் எல்லை விரிந்திருக்கிறது. அந்த ஆய்வும் இந்தத் தெருவும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

ஆகவே இக்கட்டுரை ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடங்கள் வகுத்த நேர்த்தியான மடிப்பமைப்புகளில் மிக எளிய ஒன்று மட்டும் தெருவுக்கு வந்து சேர்ந்தது ஏன்? வந்த பிறகும் பழைய இரும்புக்குழாய்க் கேனோப்பியை அதனால் ஏன் அகற்ற முடியவில்லை?

2. கழற்றிப் பூட்டுவதும் மடித்து விரிப்பதும்

தற்காலிகக் கூரைகள் அனைத்தையும் ஒரே இனமாகப் பார்ப்பதுதான் முதல் குழப்பம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிப்படையில் வேறுபட்ட இரண்டு இனங்கள் உள்ளன.

வாடகைக்கு வரும் கேனோப்பி பெரும்பாலும் 20 அடிக்கு 20 அடி அளவுடையது. இரும்புக் குழாய்களும் அவற்றைச் செருகும் மூட்டுகளும் தனித்தனியாக லோரியில் வந்து இறங்குகின்றன. கூரையின் சட்டகத்தைத் தரையிலேயே பொருத்தி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள். பிறகு நான்கைந்து பேர் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, கால்கள் செருகப்படுகின்றன. அடுத்து மறுபக்கம். இந்த வேலையில் இயந்திர நுட்பம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நுட்பம் முழுவதும் வேலையாட்களின் கையிலும் ஒழுங்கிலும் இருக்கிறது. பத்துமலைத் தைப்பூசத்தில் சுமக்கப்படும் பெரிய காவடிகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. துண்டுகளாகக் கொண்டுவரப்பட்டு அங்கேயே முடுக்கப்படும் உலோகச் சட்டகத்தின் பாரம், இடுப்புப் பட்டை வழியாகவும் தோள்தாங்கி வழியாகவும் ஒரே உடலில் இறங்குகிறது. அந்தப் பாரத்தோடு 272 படி ஏற வேண்டும். ஆட்டம் காணும் மூட்டு ஒவ்வொன்றும் சுமப்பவருக்கு வலியாகவே முடியும் என்பதால், அசையும் மூட்டு அங்கே பொருந்தாது. முடுக்கி இறுக்கியது மட்டுமே பொருந்தும்.

சந்தை வியாபாரியின் கூரை வேறு இனம். சுமார் 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள அதன் எலும்புக்கூடு ஒரே கட்டாக வருகிறது. நான்கு கால்களையும் கத்தரிபோல் குறுக்கிட்ட கம்பிகள் இணைக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கத்தரிகள், நடுவில் கூரையை ஏந்தும் ஒரு தண்டு. இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுச் சட்டகமும் ஒருசேர விரிகிறது. ஒவ்வொரு காலிலும் மேலேறும் மூட்டு ஒன்று, வில்விசையால் இயங்கும் பூட்டாணியில் விழுந்து பூட்டிக்கொள்கிறது. இந்த வடிவத்துக்கு 1980களில் அமெரிக்காவில் காப்புரிமைகள் பதிவாயின. இன்று அது எங்கும் கிடைக்கும் மலிவான சரக்கு.

முதல் வகையில் உறுப்புகள் ஒன்றையொன்று சாராமல் வந்து சேர்கின்றன. இரண்டாவதில் அவை பிறந்ததிலிருந்தே பிணைந்திருக்கின்றன. என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

3. இயக்கம் நிற்கும் இடம்

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1864இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், சட்டகம் விறைப்பாக நிற்க எத்தனை கம்பிகள் தேவை என்பதற்கு எளிய கணக்கு தந்தார். தளத்தில் கிடக்கும் சட்டகத்துக்கு, மூட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழிக்க வேண்டும். நான்கு மூட்டுள்ள சதுரத்துக்கு ஐந்து கம்பி வேண்டும். நான்கு கம்பி மட்டும் இருந்தால் அது சாய்ந்து மடங்கும். மூலைவிட்டமாக ஒரு கம்பி சேர்ந்ததும் அசையாது.

விரியும் அமைப்பு எதற்கும் சவால் இதுதான். விரியும்வரை ஒரு கம்பி குறைவாக இருக்க வேண்டும். விரிந்ததும் அந்தக் கம்பி வந்துவிட வேண்டும். சந்தைக் கூரையில் அந்த வேலையைச் செய்வது காலில் இருக்கும் பூட்டாணி. விரல்நுனி அளவேயுள்ள அந்த ஆணி விழும் கணத்தில் இயந்திரமாக இருந்த பொருள் கட்டடமாகிறது. ஆகவே மடிப்புக் கூரையின் வடிவமைப்பில் மிகக் கடினமான இடம் மடிப்பு அல்ல, பூட்டுதான் என்பது என் கருத்து. ஆய்வுலகின் வரலாறும் இதையே காட்டுகிறது.

ஸ்பெயினின் எமிலியோ பெரேஸ் பின்யேரோ மாணவராக இருந்தபோதே, 1961இல் லண்டனில் நடந்த கட்டடக் கலைஞர் மாநாட்டின் போட்டியில், மடித்து எடுத்துச்செல்லும் நாடக அரங்கு ஒன்றை முன்வைத்தார். 1964இல் மாட்ரிட் கண்காட்சிக்கு அவர் செய்த கூடம், கத்தரி அலகுகளாக மடிந்து லாரிகளில் ஊர் ஊராகப் போனது. அவருடைய சட்டகங்கள் அழகாக விரிந்தன, ஆனால் விரிந்தபின் விறைப்பாக நிற்க மேலும் கம்பிகளோ வடங்களோ பூட்ட வேண்டியிருந்தது. விரிப்பதில் மிச்சமான உழைப்பில் ஒரு பகுதி பூட்டுவதில் செலவானது. 1972இல் சாலை விபத்தில் அவர் இறந்தார். அவர் வாழ்ந்திருந்தால் இத்துறை வேறு வேகத்தில் போயிருக்கும் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சான்டியாகோ கலட்ராவா 1981இல் சூரிச்சில் கம்பிச் சட்டகங்களின் மடிப்பைப் பற்றியே முனைவர் பட்டம் பெற்றார். சக் ஹோபர்மேன் கோணமாக வளைந்த கத்தரியைக் கண்டுபிடித்து, 2002இல் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக் மேடையில் பெரிய விரியும் வளைவையே நிறுத்திக் காட்டினார். திறமைக்கு இத்துறையில் பஞ்சம் இருந்ததில்லை.

பூட்டே இல்லாமல் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பு இன்னொரு பாதை. 1970களில் தியோடர் சைக்லர் அதைத் தொடங்கினார். 1980களில் எம்ஐடியில் கிருஷ்ணபிள்ளை, வாக்ளாவ் ஜாலெவ்ஸ்கி ஆகியோரும், பின்னர் அங்கேயே காரிஸ் கன்டேஸும் அதை வளர்த்தெடுத்தார்கள். மடிந்த நிலையிலும் விரிந்த நிலையிலும் கம்பிகளில் எந்த இறுக்கமும் இராதபடி அளவுகளை வகுக்கிறார்கள். இடைப்பட்ட நிலையில் மட்டும் கம்பிகள் வளைந்தாக வேண்டும். அந்த வளைவைத் தாண்டியதும் அமைப்பு சட்டென்று விழுந்து நிலைகொள்கிறது. கோட்பாட்டில் இதைவிட நேர்த்தியான தீர்வு இல்லை. ஆனால் விரியும்போது வளைந்து கொடுக்கும் அளவுக்குக் கம்பி மெலிந்திருக்க வேண்டும், அதே கம்பி விரிந்தபின் காற்றையும் மழையையும் தாங்க வேண்டும். இரண்டையும் சமன்செய்வது கடினம். கண்காட்சித் தட்டிகளில் இந்த வகை வெற்றிபெற்றதும், வெட்டவெளிக் கூரையில் தயங்கி நின்றதும் இதனால்தான்.

4. தேசியப் பள்ளிவாசலின் குடை

பிரிக்பீல்ட்ஸுக்குச் சற்று வடக்கே, பழைய ரயில் நிலையத்தை அடுத்து நிற்கும் தேசியப் பள்ளிவாசல் 1965 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஹோவர்ட் ஆஷ்லி, ஹிஷாம் அல்பக்ரி, பஹாருடின் காசிம் ஆகியோர் இதன் வடிவமைப்பாளர்கள். வெங்காயக் குவிமாடத்தை விட்டுவிட்டு, தொழுகைக் கூடத்தின் கூரையை விரிந்த குடையாகவும், 73 மீட்டர் மனாராவின் முடியை மடக்கிய குடையாகவும் அமைத்தார்கள். வெயிலும் மழையும் ஆளும் ஊரில் அது இயல்பான தேர்வு.

அந்தக் கூரையில் எதுவும் அசைவதில்லை. ஆனால் மடிப்பு அங்கே வேறொரு வேலையைச் செய்கிறது. தட்டையான கான்கிரீட் பலகையை மேடும் பள்ளமுமாக மடித்தால் அதன் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் நடுவே தூண் இல்லாமல் அகலமான கூடத்தை மூட முடிகிறது. ஜப்பானின் கொர்யோ மியுரா வகுத்த மடிப்பு, 1995இல் ஒரு செயற்கைக்கோளின் சூரியத் தகட்டை விரித்தபோது, இதே போன்ற மேடுபள்ளக் கோடுகள் கீல்களாக இயங்கின. கோட்டை உறைய வைத்தால் வலிமை வருகிறது, அவிழ்த்துவிட்டால் இயக்கம் வருகிறது. இரண்டும் ஒரே வடிவ இயலின் பிள்ளைகள். கோலாலம்பூர் தன் தேசியச் சின்னத்துக்கு முதலாவதை எடுத்துக்கொண்டது. தெரு இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

5. காற்றும் நீரும்

சந்தைக் கூரையின் எடை 20 முதல் 30 கிலோ. அதைக் கொல்வது மேலிருந்து அழுத்தும் பாரத்தைவிடக் கீழிருந்து தூக்கும் காற்றுதான். மலேசியாவின் காற்றுச்சுமைத் தரநிலை எம்எஸ் 1553, கட்டடங்களுக்கான அடிப்படை வேகமாகத் தீபகற்பத்துக்கு வினாடிக்கு 33 மீட்டரை ஒட்டிய அளவை வைத்திருக்கிறது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 670 நியூட்டன் அழுத்தம். கூரையை இழுக்கும் விசையை அதற்குச் சமமாகக் கொண்டால், 9 சதுர மீட்டர் கூரையை 600 கிலோவுக்கும் மேற்பட்ட விசை தூக்கும். உண்மையான அளவு கூரையின் சாய்வையும், கீழே காற்று தடைபடும் விதத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். என்றாலும் அளவின் வரிசை இதுதான்.

சாதாரண இடிமழைக்கு முன்னால் வரும் வீச்சை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 மீட்டர் என்றால் 56 கிலோ, 20 மீட்டர் என்றால் 225 கிலோ. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகிறது. வியாபாரிகள் கால்களில் தண்ணீர்க் கலன்களையோ சிமெண்டு நிரப்பிய சாயத் தகரங்களையோ கட்டுகிறார்கள். நான்கு காலிலும் 20 லிட்டர் வீதம் நீர் இருந்தால், கூரையின் எடையையும் சேர்த்துச் சுமார் 105 கிலோ. வினாடிக்கு 13, 14 மீட்டர் வரை அது தரையில் நிற்கும். அதற்குமேல் கூரையை மடிப்பதுதான் வழி. அனுபவமுள்ள வியாபாரி வானத்தைப் பார்த்ததும் முதலில் பூட்டாணியை அமுக்கிக் கூரையைப் பாதி இறக்கிவிடுவது பயத்தினால் அல்ல, சரியான பொறியியல் முடிவினால்.

இங்கே நேரம் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்துவரும் ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னும் விடியலிலும் மேற்குக் கரையைத் தாக்குகிறது. அப்போது பாசார் மாலாம் கூரைகள் வேனுக்குள் மடிந்து கிடக்கும். கல்யாண வீட்டுக் கேனோப்பியோ இரண்டு மூன்று இரவுகள் வெளியில் நின்றாக வேண்டும், அந்தக் காற்றையும் சந்தித்தாக வேண்டும். மடிப்புக் கூரையின் காற்றுத் தடுப்பு அதன் கம்பிகளில் இல்லை, அது அங்கே இல்லாமல் போவதில்தான் இருக்கிறது. குழாய்க் கேனோப்பி இன்னும் நிலைத்திருப்பதற்கு முதல் காரணமாக இதையே சொல்வேன். வேலையாட்கள் மலிவாகக் கிடைப்பதால் அது தொடர்கிறது என்ற விளக்கம் பாதி உண்மைதான். அது வேறொரு காலநேரத்துக்கான, வேறொரு காற்றுக்கான கட்டமைப்பு.

நீரும் தன் பங்கைச் செய்கிறது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி குறுகிய நேரத்தில் கொட்டுவது. தொய்ந்த துணியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சராசரி 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் 100 கிலோ. நீரின் எடையால் தொய்வு கூடுகிறது, தொய்வில் மேலும் நீர் சேர்கிறது. கத்தரிக் கம்பிகள் நடுவிலுள்ள அச்சாணித் துளையில் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். கம்பியின் வளைவு மிகுதியாக இருக்கும் இடத்திலேயே துளையும் இருக்கிறது. வியாபாரிகள் குச்சியால் கூரையை அடியிலிருந்து தள்ளித் தண்ணீரை ஊற்றிவிடுவது இந்தச் சங்கிலியை அறுக்கும் வேலை.

மாறாக, 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது மக்கள் தஞ்சம் புகுந்தது போன்ற நிவாரண மையங்களில், மண்டபத்துக்குள் குடும்பத்துக்கு ஒன்றாக விரிக்கும் சிறு கூடாரங்களுக்குக் காற்றும் இல்லை, மழையும் இல்லை. மெல்லிய வில்கம்பியும் துணியும் போதும். மறைவு ஒன்றைத்தான் அவை தர வேண்டும். ஒரு மடிப்பமைப்பு நல்லதா என்று கேட்பதற்கு முன் அது எந்தச் சுமைக்கு என்று கேட்டாக வேண்டும்.

6. ஒரு கம்பி வளைந்தால்

குழாய்க் கேனோப்பியில் ஒரு குழாய் நசுங்கினால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். எந்த வெல்டிங் பட்டறையிலும் புதிது செய்துகொள்ளலாம். கத்தரிக் கூரையில் ஒரு கம்பி வளைந்தால் அந்தப் பக்கம் முழுதாக மடியாது. அந்தப் பக்கம் மடியாவிட்டால் எந்தப் பக்கமும் மடியாது. எல்லாம் ஒருசேர இயங்கும் பிணைப்புதான் இரண்டு பேரைச் சில நிமிடத்தில் ஒரு கூரையை எழுப்ப வைக்கிறது. அதே பிணைப்புதான் ஒரு சிறு பழுதை முழுப் பழுதாக்குகிறது. குழாய்க் கேனோப்பி நிலைத்திருப்பதற்கு இரண்டாம் காரணம் இது.

விண்வெளித் துறைக்கு இந்தத் துன்பம் நன்றாகவே தெரியும். இந்தியாவின் இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் ஏவப்பட்டபோது முதலில் ஓர் அலைவாங்கி சிக்கிக்கொண்டு, பிறகு விடுபட்டது. ஆனால் சூரியக் கதிரழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டிய பாய் விரியவே இல்லை. செப்டம்பரிலேயே அந்தச் செயற்கைக்கோளைக் கைவிட நேர்ந்தது. 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில், ஒன்று தவறினாலும் பயணமே கெடக்கூடிய இடங்கள் 344 இருந்தன. ஆண்டுக்கணக்கான சோதனைகளுக்குப் பின் அவை அனைத்தும் பிழையின்றிக் கடக்கப்பட்டன. அந்தத் தொலைநோக்கி விண்வெளியில் விரிந்தது ஒரே ஒரு முறை. வாரத்தில் ஆறு சந்தை சுற்றும் வியாபாரியின் கூரையோ ஆண்டுக்கு 300 முறை விரிந்து மடிகிறது. தேய்மானத்தில் அவருடைய கூரை சந்திக்கும் சோதனை மிகக் கடுமையானது. அதைத் தாங்கும்படி அதன் நெகிழி மூட்டுகளை யாரும் வடிவமைப்பதில்லை என்பதே என் முதன்மையான குறை.

பிணைப்பு எப்போதும் பலவீனம்தான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பழைய கடைவீடுகளின் அஞ்சடிக்குப் பின்னே இன்னும் மிஞ்சியிருக்கும் இரும்பு மடிப்புக் கதவைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய அதுவும் கத்தரி அமைப்புதான். நிமிர்ந்த பட்டைகளைக் குறுக்குச் சட்டங்கள் தறையாணிகளால் கோத்திருக்கும். அதில் சில தறையாணிகள் போனாலும் கதவு கொஞ்சம் தொய்ந்து உரசுமே தவிர இயங்கிக்கொண்டுதான் இருக்கும். காரணம், ஒரே வேலையைச் செய்யும் கத்தரிகள் அதில் வரிசை வரிசையாக உள்ளன. மேலும் தண்டவாளமும் நிலையும் கதவின் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. இரவில் காற்றையும் பார்வையையும் அனுமதித்துக்கொண்டே கடையைக் காத்த இந்தக் கதவை உருட்டுக் கதவு இடம்பெயர்த்தது ஓர் இழப்பு என்றே கருதுகிறேன். உறுப்புகளை மிகையாக வைப்பதும், பாரத்தை வேறொன்றின் மேல் இறக்குவதும் பிணைப்பின் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு அது நூறாண்டுச் சான்று.

7. வரிசை என்னும் கட்டமைப்பு

அந்தக் கதவின் பாடத்தைச் சந்தை தன் வழியில் கற்றிருக்கிறது. வியாபாரிகள் அடுத்தடுத்த கூரைகளின் கால்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுகிறார்கள். இரு கூரைகளுக்கு இடையில் மழை வழியாமல் துணியை மடித்துவிடுகிறார்கள். அப்போது ஒரு கூரையைத் தூக்க வரும் காற்று பக்கத்துக் கூரையின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். வீச்சு எல்லாக் கூரைகளையும் ஒரே கணத்தில் ஒரே வலிமையோடு தாக்காதவரை இது உதவும். முழு வரிசையும் ஒன்றாகத் தாக்கப்பட்டால், கட்டுகள் ஒரு கூரையின் வீழ்ச்சியை அடுத்ததற்குக் கடத்தவும் கூடும். ஆறாம் பகுதியில் பார்த்த அதே இரட்டைத் தன்மை, கம்பியளவிலிருந்து தெருவளவுக்கு வந்துவிடுகிறது.

ஐரோப்பாவின் கூடாரப் பாதுகாப்புத் தரநிலையான இஎன் 13782, 50 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கூடாரங்களுக்கானது. நம் சந்தைக் கூரை 9 சதுர மீட்டர், 20 அடிக் கேனோப்பி 37 சதுர மீட்டர். தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே அந்த வரம்புக்குக் கீழே விழுகின்றன. ஆனால் கயிற்றால் பிணைந்த ஆறு சந்தைக் கூரைகள் சேர்ந்தால் 54 சதுர மீட்டர், ஒட்டி நிற்கும் இரண்டு கேனோப்பிகள் 74 சதுர மீட்டர். காற்றைப் பொறுத்தவரை அவை ஒரே கட்டமைப்பு. இந்த வரிசையை ஓர் அலகாக எண்ணி, எந்த வேகத்தில் எந்தக் கட்டு முதலில் அறுகிறது, எத்தனை கூரைக்கு ஒரு கட்டை வேண்டுமென்றே விட்டு இடைவெளி தர வேண்டும் என்பதைச் காற்றுச் சுரங்கச் சோதனையில் அளக்க வேண்டும். கோலாலம்பூரின் பொறியியல் துறைகளுக்கு இது எட்டாத வேலை அல்ல. அந்த எண்கள் கிடைத்தால், இத்தனை மீட்டர் வேகத்துக்கு மேல் மடித்துவிடுக என்ற ஒரு வரியைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒவ்வொரு காலிலும், பூட்டாணிக்கு மேலேயே அச்சிட்டு ஒட்டலாம்.